குத்தூசிக்காரரின் துட்டு

“நல்லா இருக்கீங்களாண்ணே?” என்று கேட்டால் அவர், “ஏன் கேக்குற?” என்பார்.

கோபமாகச் சொல்வதில்லை. உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பதில் வரும்வரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அவர் அப்படிப் பார்த்தால் இருக்கிற இரண்டு வார்த்தையும் தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும். மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளில் ஆறு வருடம் குடியிருந்தோம். நான் அவரிடம் நலம் விசாரித்தது மொத்தம் இரண்டு தடவைதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால், “யாரக் கேட்டு எழுதின?” என்று கேட்டிருப்பார்.

மலாக்கா ஆற்றோரம் இருந்த ஒரு அரிசிக் கிட்டங்கியில் அவருக்குக் குத்தூசி வேலை. குத்தூசி என்றால் ஒரு முழ நீளத்தில் கூர்முனை வைத்த இரும்புக் குழல். மூட்டையில் குத்தி இழுத்தால் அதன் பள்ளத்தில் ஒரு பிடி அரிசி ஏறி வரும். கல் இருக்கிறதா, குருணை இருக்கிறதா, புழுத்திருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற கிட்டங்கிகளில் பத்து மூட்டைக்கு ஒன்றைக் குத்துவார்கள். இவர் எல்லா மூட்டையையும் குத்துவார். ஒவ்வொரு மூட்டையிலும் மூன்று இடம்.

“மேல இருக்கறது நமக்குக் காட்டறதுக்கு. நடுவுல இருக்கறது சந்தேகப்படறவனுக்குக் காட்டறதுக்கு. அடியில இருக்கறதத்தான் அவன் விக்கிறான்” என்பார்.

படகில் அரிசி கொண்டுவந்தவன், “நல்ல சரக்குண்ணே, சத்தியமா” என்று சொல்லிவிட்டால் போச்சு. அவன் மூட்டைகளுக்கு இரண்டு குத்து கூடுதல். சத்தியம் செய்யாதவன் சரக்கு சீக்கிரம் கரையேறிவிடும். ஆற்றுக்கு அடிக்கடி வரும் படகுக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு அவரிடம் வாயே திறக்க மாட்டார்கள்.

கிட்டங்கி முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம். ஒருநாள் பொறுமை போய், “நான் மௌத்தாப் போனாக்கூட நீ ஒரு குத்து குத்திப் பாத்துட்டுத்தான்யா நம்புவ” என்றார்.

“அது வரும்போது பாக்கலாம் மொதலாளி” என்றார் இவர்.

முதலாளியே சிரித்துவிட்டார். குத்தூசிக்கு வேறு ஆளைத் தேடவும் இல்லை.

நான் அந்தக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளியில் ஆறாவது முடித்தேன், பால்மரம் வெட்டப் பிடிக்காமல் டவுனுக்கு வந்துவிட்டேன். நான் இறக்கும் ஒவ்வொரு மூட்டையும் அவர் காலடியில்தான் விழும். அவர் குத்திவிட்டுத் தலையசைத்த பிறகுதான் அது உள்ளே போகும். அந்தத் தலையசைப்புக்காக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவர் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்குக் கிட்டங்கியில் ஒரு கதை சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் படம் போட்ட நோட்டை ஒரு தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தாராம். சண்டை முடிந்ததும் அது அடுப்பெரிக்கத்தான் உதவியதாம். ஒருவன் இதை அவரிடமே கேட்டான்.

“அப்ப எல்லாருந்தான ஏமாந்தாங்க? அவங்கள்லாம் ஏன் என்ன மாதிரி ஆகல?” என்றார் அவர். கேட்டவன் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள். பீபி என்று கூப்பிடுவோம். இந்தச் செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வணிகர் வம்சம். கும்பிடுவது நம் சாமியை. வீட்டில் பேசுவது மலாய் மாதிரி ஒரு பேச்சு. அதன் நடுவே ஓர் அண்ணே வரும், ஓர் அக்கா வரும், அவ்வளவுதான் தமிழ். பொங்கலுக்குப் பீபி எங்கள் இருவருக்கும் தட்டில் பலகாரம் அனுப்புவார். இவர் ஒவ்வொரு பலகாரத்தையும் தீக்குச்சியால் குத்தி, குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பீபி அதைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே! குவே பூன் லு நா குத்து கா?” பலகாரத்தைக்கூடக் குத்தத்தான் வேண்டுமா என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

அடுத்த வருடம் வந்த பலகாரங்களில் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது. பீபியே குத்தி அனுப்பியிருந்தார். இவர் தட்டை வாங்கிப் பார்த்தார். “யாரு குத்துனது?” என்று கேட்டுவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டார்.

அரிசியும் பலகாரமும் போதாமல் அவர் சொற்களையும் குத்திப் பார்ப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டைமேல் சாய்ந்திருக்கும்போது திடீரென்று, “தம்பி, ஜன்னலுக்கு மலாய்க்காரன் என்ன சொல்றான்?” என்பார்.

“ஜெண்டேலாண்ணே.”

“நாம ஜன்னல்ங்கறோம். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டமா?”

கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி போர்ச்சுகீசிய வம்சத்துக்காரர். நன்றாகப் படித்தவர். ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் தன் முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்த சொற்கள் என்று அவர்தான் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அன்று முழுவதும் இவருக்கு வேலை ஓடவில்லை. “சாவியே நம்மது இல்லன்னா பூட்டி என்னடா பிரயோசனம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே குத்தினார். அதற்கப்புறம் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது எந்தக் கப்பலில் வந்தது, யார் கையெழுத்துப் போட்டு இறக்கியது என்பதுபோலப் பார்ப்பார். காசு என்ற நம் சொல்தான் வெள்ளைக்காரன் வாயில் கேஷ் ஆனது என்று ஒருவன் பெருமையாகச் சொன்னபோதும் அவர் குளிரவில்லை. “நமக்குச் சாதகமா இருக்குல்ல? அப்ப அத இன்னும் நல்லாக் குத்திப் பாக்கணும்” என்றார்.

கிட்டங்கியின் பழைய தரையைப் பெயர்த்தபோது ஒரு செப்புக் காசு கிடைத்தது. கல்லைப் புரட்டியவன் நான். அடியில் ஆற்றுச் சேறு. அதில் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. கழுவிப் பார்த்தால் ஒரு பக்கம் பெரிய ஆங்கில வி எழுத்து. அதன் இரண்டு கைகளிலும் ஓவும் சியும் கோத்திருந்தன. மறுபக்கம் கிரீடம் வைத்த ஒரு கேடயம். எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் அவர். “வச்சுக்கங்கண்ணே” என்று நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. “ஏன் குடுக்குற?”

“சும்மாதாண்ணே.”

“சும்மா யாரும் குடுக்க மாட்டாங்க.”

கடைசியில் வாங்கிக்கொண்டார். ஆனால் மூன்று மாதம் என்னிடம் ஒதுங்கியே இருந்தார். நான் ஏதாவது கேட்டு வருவேன் என்று காத்திருந்தாராம். எதுவும் கேட்காதது அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. பிறகு ஒருநாள் அவராகவே, “நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?” என்றார். இல்லை என்றேன். “சரி” என்றார். அந்தச் சரியில் பாதிதான் சரி என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் அவர் அந்தக் காசை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். எதையும் மூன்று பேரிடம், ஒருவருக்கொருவர் தெரியாமல் கேட்பதுதான் அவர் முறை. முதலில் கிராணி. “இது டச்சுக்காரன் கம்பெனிக் காசு. இதுக்குப் பேரே டுயிட்” என்றார் கிராணி. மலாய்க்காரர்கள் எல்லாப் பணத்துக்கும் டுயிட் என்கிறார்களே, அது இந்தக் காசின் பெயர்தான் என்றும் சொன்னார். இவர் நம்பவில்லை. ஆற்றுப்படகில் வரும் மலாய்க்காரர் ஒருவரிடம் காட்டி, இது என்ன என்று கேட்டார். படகுக்காரர் பார்த்துவிட்டு, “டுயிட்” என்றார்.

“எல்லாக் காசையும் நீ டுயிட்டுன்னுதான சொல்லுவ?”

“ஆமா.”

“அப்ப உன் சாட்சி செல்லாது” என்று காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். படகுக்காரருக்கு என்ன குற்றம் செய்தோம் என்றே புரியவில்லை.

மூன்றாவது, பழைய சாமான் விற்கும் ஒரு சீனர். அவர் காசைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “லுய்” என்றார். சீனர்கள் கடைத்தெருவில் பணத்துக்குச் சொல்வது அதுதான். இவர் முகம் கறுத்துப்போய் வந்தார்.

“கேட்டியா? அதேதான். நாக்க மட்டும் கொஞ்சம் மடிச்சிருக்கான். மலாய்க்காரன் கிட்ட இருந்து எடுத்துருப்பான்னு கிராணி சந்தேகப்படறான். எனக்கும் அதேதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நம்ம ஊருல என்ன சொல்லுவாங்க?” என்றார்.

“துட்டுண்ணே.”

“துட்டு!” அவர் குத்தூசியைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் அவர் அதைக் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன். “எங்கம்மா தெனமும் சொல்லுவா. துட்டு இல்லடா, துட்டு இல்லடான்னு. எங்க ஊரு நாகப்பட்டினத்துக்கு ஏழு மைல். அவ கடலையே பாத்ததில்ல. அவ வாயில இந்த டச்சுக்காரன் எப்படிடா ஏறுனான்?”

டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி இருந்தார்கள் என்று கிராணி சொன்னார். அதையும் இவர் பாதிதான் நம்பினார். “அங்க போயி இந்தக் காசக் காட்டிக் கேக்கணும். இங்க உக்காந்து எதுவும் சொல்ல முடியாது” என்றார். காசை ஈயத்தாளில் சுற்றி, பை வைத்த இடுப்பு வாரில் போட்டுக்கொண்டார்.

மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. கொடி ஏறியது. குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். ஆரம்பத்தில் கொஞ்ச காலம் சட்டம் இளக்கமாக இருந்தது. இத்தனை வருடம் இங்கே இருந்தவன் என்று காட்டினால் போதும், மலாய் தெரிகிறதா என்று சோதிக்க மாட்டார்கள். கிட்டங்கியில் இந்தியாவில் பிறந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று மனுப் போரம் எழுதிக் கொடுத்தார்கள். நான் இங்கேயே பிறந்தவன், எனக்கு அந்த வேலை இல்லை.

இவர் மட்டும் போரத்தைக் கையில் வாங்கவே இல்லை.

“ஓசியில ஒரு நாட்டத் தூக்கிக் குடுக்கறானா? அதுவும் கேள்வியே கேக்காம? அடியில என்ன இருக்குன்னு பாரு.”

“ஒண்ணும் இல்லய்யா. போட்டுத் தொலை” என்றார் முதலாளி.

“ஒண்ணும் இல்லன்னு நீங்க ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

இளக்கமான காலம் முடிந்தது. பிறகு மனுப் போடுபவர்கள் அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக் காட்ட வேண்டும் என்று ஆனது. அப்புறம்தான் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து இரண்டு தடவைதான் அவளைப் பார்த்திருக்கிறார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

போவதற்குத் தடை இல்லை. திரும்பி வருவதுதான் பயம். குடியுரிமை இல்லாதவர்கள் திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று கிராணி சொன்னார். அதில் ஒரு நாள் குறித்திருக்கும், அதற்குள் வந்துவிட வேண்டும்.

“நாள் போட்ட தாளு செத்துப்போகும். நான் கப்பல்ல இருக்கும்போதே செத்துப்போனா?” என்றார் இவர். முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்த ஊர். வேலை இங்கே, அறை இங்கே, அனுப்புகிற பணத்துக்கு வழி இங்கே. மகள் அங்கே. குடியுரிமை கிடைத்தால்தான் கல்யாணத்துக்குப் போவது, இல்லாவிட்டால் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். முடிவைச் சொன்னதும் என்னை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனுவில் ஒரு சங்கடம் இருந்தது. இவர் நல்லவர், நம்பலாம் என்று இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும். யாரையும் நம்பாதவருக்கு நம்பிக்கை சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பீபி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் விசாரணைக்கே நேரில் வர வேண்டும். முதலாளியைக் கேட்கலாமே என்றேன்.

“அவரு நெறையப் பேசுவாரு. நீ வா. பேசாதவன் பொய் கம்மியாச் சொல்லுவான்” என்றார். அவர் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

விசாரணை ஆற்றங்கரைச் சிவப்புக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. அந்தச் சிவப்புக் கட்டடங்களும் டச்சுக்காரன் கட்டியவைதான். இவர் அவற்றைக் கடக்கும்போது இடுப்பு வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி மலாய்க்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி. என் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் நிதானம். பேசியதெல்லாம் மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன். பெயர் கேட்டார், வீடு கேட்டார், வேலை கேட்டார். இவருக்குக் கிட்டங்கி மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் நிறுத்தி, கேள்வியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அதிகாரி அதை வயதின் தடுமாற்றம் என்று நினைத்தாரோ என்னவோ, முடித்துவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து இருபது காசு நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இது என்ன, பாக்சிக்?” பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் மலாய்ச் சொல் அது.

சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். டுயிட் என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போகலாம்.

இவர் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் தினமும் பார்த்தவன். நல்ல அரிசி மேலே கொட்டிக் கிடந்தால் வருகிற முகம் அது.

“மலாய்ச் சொல்தான் கேக்கறீங்களா துவான்?” துவான் என்றால் ஐயா.

“ஆமாம், மலாயில்தான்.”

“அப்ப அதச் சொல்ல முடியாது துவான். அது மலாய்ச் சொல் இல்ல. பெலாண்டாக்காரன் சொல்.”

பெலாண்டாக்காரன் என்றால் டச்சுக்காரன். பணத்துக்கு வாங் என்று இன்னொரு மலாய்ச் சொல் இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். அதை அவர் இன்னும் குத்திப் பார்த்திருக்கவில்லை.

அதிகாரிக்குப் புரியவில்லை. புரியவைப்பதற்காக இவர் இடுப்பு வாரைத் திறந்து, ஈயத்தாளில் சுற்றியதை எடுத்து, மேசைமேல் வைத்து, ஒரு விரலால் அதிகாரி பக்கம் தள்ளினார்.

அதிகாரியின் இரண்டு கைகளும் மேசையை விட்டு மேலே போயின. தீயைத் தொட்டவர்போல நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

“இது என்ன? டுயிட் கோப்பியா?”

டுயிட் கோப்பி என்றால் காப்பிக் காசு. லஞ்சத்துக்கு அதுதான் பெயர். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இவருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. “பாருங்க துவான், பிரிச்சுப் பாருங்க” என்று இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

“பாக்சிக், இதை நான் போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும்” என்று அதிகாரி எழுந்துவிட்டார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. தள்ளிய விரலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீதானே சாட்சி? இந்த மனிதரை நம்பலாமா?”

நம்பலாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என்னிடம் ஒதுங்கியிருந்த அந்த மூன்று மாதம். அதன் பின்னால் இன்னொரு நினைப்பும் வந்தது. ஒருவேளை உண்மையிலேயே காப்பிக் காசாக ஏதாவது அந்தத் தாளுக்குள் வைத்திருப்பாரோ? அதைப் பிரித்து நான் பார்க்கவில்லையே. மகளைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிற மனிதர். அவர் அந்தச் செப்புக் காசைத்தான் எடுத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என்னைப் பார்த்தார். குத்தூசியை இழுத்ததும் பள்ளத்தில் என்ன ஏறி வந்திருக்கிறது என்று பார்ப்பாரே, அதே பார்வை. ஆனால் குத்தூசி இப்போது அவர் கையில் இல்லை.

“துவான்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “இவரு யாரையும் நம்ப மாட்டாரு. ஆனா யாரையும் ஏமாத்துனது இல்ல. நீங்களே பிரிச்சுப் பாருங்க. அந்தக் காசு எங்கயும் செல்லாது. அதக் குடுத்தா ஒரு கடையிலயும் காப்பி தர மாட்டாங்க.”

அதிகாரி ஒரு பென்சிலால் ஈயத்தாளை விலக்கினார். உள்ளே அந்தச் செப்பு வட்டம் மட்டும்தான் இருந்தது. நான் மூச்சு விட்டேன். அதிகாரி அதை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெளிச்சத்தில் வியைப் பார்த்தார், ஓவையும் சியையும் பார்த்தார். இவர் அதற்குள் கிட்டங்கித் தரை, கிராணி, சீனர், தன் அம்மா என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவ்வளவு நீளமாக அவர் மலாய் பேசி நான் கேட்டதில்லை.

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“சரி பாக்சிக். பெலாண்டாக்காரன் சொல்லாகவே இருக்கட்டும். அது இங்கே வந்து எவ்வளவு காலம் இருக்கும்?”

“எரநூறு வருசத்துக்கு மேல இருக்கும் துவான்.”

“எங்கள் அம்மா சந்தைக்குப் போகும்போது டுயிட் எங்கே என்றுதான் கேட்பார். அதை இன்னும் வெளி ஆள் என்று வாசலில் நிறுத்த முடியுமா?”

இவர் யோசித்தார். பொய் சொல்லிவிடுவோமோ என்று பயந்தவர்போல நன்றாக யோசித்தார். “முடியாது துவான்.”

“நீங்கள் வந்து?”

“முப்பத்திரண்டு.”

அதிகாரி போரத்தில் ஏதோ எழுதினார். காசை ஈயத்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். “இனிமேல் எந்த அதிகாரி மேசையிலும் இதை வைக்காதீர்கள்” என்றார்.

பாலத்தின் நடுவில் வந்ததும் இவர் நின்று, தாளைப் பிரித்து, காசு மாறிவிடவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். மாறவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ ஏன் அவ்வளவு நேரம் யோசிச்ச?”

நான் ஆற்றைப் பார்த்தேன். எனக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். அதற்குரிய பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்துக் குடியுரிமைத் தாள் வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பீபியிடம் படிக்கச் சொன்னார், கிராணியிடம் படிக்கச் சொன்னார், முதலாளியிடமும் படிக்கச் சொன்னார். மூவரும் ஒன்றையே படித்ததும் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார்.

கிளம்புகிற காலையில் அறையைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து ஒரு சாவியை நீட்டினார். “வச்சுக்க.”

“ஏண்ணே குடுக்கறீங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

“சும்மாதான்” என்றார்.

அந்தச் சாவி என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் உறுத்தியது. பீபியிடம் கொடுக்காமல் ஏன் என்னிடம்? உள்ளே ஏதாவது காணாமல் போனால் என் தலையில்தானே விழும்? ஏற்கெனவே ஏதாவது காணாமல் போயிருந்தால்? ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீபி கோயிலுக்குப் போயிருந்தபோது, அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கதவருகே போனேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று எண்ணம்.

சாவி துளைக்குள்ளேயே போகவில்லை. அது அந்தப் பூட்டின் சாவியே இல்லை.

தனியாக நின்ற எனக்கு முகம் பற்றி எரிந்தது. இருக்கிற இடத்திலிருந்தே அவர் என்னைக் குத்திப் பார்த்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் திரும்பி வந்தார். துறைமுகத்தில் அவரை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார்களாம், அதில் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கல்யாணத்தைப் பற்றி, “நல்லா நடந்துச்சு. பொண்ணு என் சாயல்” என்பதோடு முடித்துக்கொண்டார். காசைப் பற்றித்தான் உட்கார்ந்து சொன்னார். நாகப்பட்டினத்தில் பழைய செம்பு பித்தளை வாங்கும் ஒருவரிடம் போய், இது என்ன என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள், “பழைய துட்டு” என்றாராம்.

“எல்லாக் காசையும் துட்டுன்னுதான சொல்லுவீங்கன்னு மடக்குனேன். அவன் சொல்றான், இல்லீங்க, இதுக்குத்தான் துட்டுன்னு பேரு, மத்த காசுக்கெல்லாம் அத நாமளா வச்சுக்கிட்டதுன்னு. சொல்லிட்டு ஒரு டப்பாவத் தொறந்து காட்டுறான். மூணு காசு கெடக்கு தம்பி. அதே வி.” காசை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். “எங்கம்மா கடலப் பாக்கவே இல்ல. ஆனா கடல் அவ வாசலுக்கு வந்து போயிருக்கு.”

பிறகு, குரலை மாற்றாமலே, “சாவியப் போட்டுப் பாத்தியா?” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா, மாட்டாரா, யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் யோசித்ததைவிட அதிக நேரம் யோசித்தேன்.

“பாத்தேண்ணே. பொருந்தல.”

அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது ஆறு வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடமிருந்து அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு, இடுப்பு வாரிலிருந்து இன்னொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது பொருந்தும். வேணும்னாப் போட்டுப் பாரு.”

நான் போட்டுப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் எட்டு வருடம் அந்த அறையில் இருந்தார். நான் கல்யாணமாகி செமாபோக்குக்குக் குடிபோன பின்னும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவர் இறந்துபோன சேதி வந்தபோது கதவு திறந்துதான் இருந்ததாம், சாவிக்கு வேலை இருக்கவில்லை. பீபியின் வீட்டையும் பிறகு இடித்துவிட்டார்கள். கதவும் பூட்டும் எங்கே போயின என்று தெரியாது.

போன வாரம் என் மனைவி அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தச் சாவியை எடுத்துக் காட்டினாள். எதன் சாவி என்று கேட்டாள். சொன்னேன்.

“அது உண்மையிலேயே அந்தப் பூட்டுக்குப் பொருந்துமா? அந்த ஆளு அப்படிப்பட்டவரு ஆச்சே” என்றாள்.

“பொருந்தும்” என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.